சாந்தினி சௌக்: அரசர்கள் நடந்து காட்டிய தெரு

பழைய டெல்லியில் தெரு என்றாலே வளைந்து நெளிந்து போவதுதான். எதிரே ஆள் வந்தால் தோளைச் சாய்த்துத்தான் வழிவிட வேண்டும். அப்படிப்பட்ட சந்துகளின் நடுவே சாந்தினி சௌக் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடக்கிறது. கிழக்கே செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி, மேற்கே ஃபதேபுரி மசூதியின் வாசலில் முடிகிறது. இன்றைக்கு அதை எல்லோருக்கும் பராட்டாவுக்கும் ஜரிகைக்கும் மின்விளக்குக்கும் பேர்போன கடைத்தெருவாகத்தான் தெரியும்.

ஆனால் கடை வைக்க இத்தனை அகலம் வேண்டாம், இத்தனை நேர்க்கோடும் வேண்டாம். கை நீட்டினால் எதிர்க்கடையைத் தொட்டுவிடலாம் என்கிற பக்கத்துச் சந்துகளில் வியாபாரம் இதைவிடச் சக்கைப்போடு போடுகிறது. இந்தத் தெரு இப்படி அமைந்ததற்குக் காரணம் வேறு. அரசர் பரிவாரத்தோடு போக வேண்டும், ஊர் கூடி நின்று அதைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சிக்கு ஏற்றபடி போட்ட தெரு இது. அதற்கப்புறம் சுமார் இருநூற்று அறுபது ஆண்டுகள், டெல்லி யார் கைக்கு மாறினாலும், 'இனி நான்தான்' என்று ஊருக்குச் சொல்ல அவர்கள் வந்து நின்ற இடமும் இதுவே. அந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்று தெரிந்தால் இன்றைய சாந்தினி சௌக்கின் பல குழப்பங்கள் புரியும்.

அரியணையிலிருந்து ஒரு கோடு

ஷாஜகான் ஆக்ராவை விட்டு டெல்லியில் புதிய தலைநகரைக் கட்டத் தொடங்கியது 1639-இல். கோட்டை வேலை முடிந்து அவர் குடிபுகுந்தது 1648-இல். ஊருக்குத் தன் பெயரையே வைத்து ஷாஜகானாபாத் என்றார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் போட்ட கணக்கு பளிச்சென்று தெரியும். கோட்டைக்குள் திவான்-இ-ஆம் என்ற பொதுச்சபை மண்டபம் இருக்கிறது. அதன் பின்சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே, அரசர் அமரும் பளிங்கு மாடம். அங்கிருந்து மேற்கு நோக்கி ஒரு கோடு இழுங்கள். முரசு கொட்டும் நௌபத் கானா, கூரை போட்ட சத்தா பஜார், லாகூர் வாசல், அதைத் தாண்டினால் சாந்தினி சௌக்கின் தொடக்கம். எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. மறுமுனையில் இருக்கும் மசூதியை 1650-இல் கட்டியவர் ஷாஜகானின் மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம். ஆக, ஒரு முனையில் அரியணை, இன்னொரு முனையில் தொழுகைக்கூடம், நடுவில் ஊர்.

இந்த நேர்க்கோட்டைப் பின்னால் மறைத்தவர் ஔரங்கசீப். லாகூர் வாசலுக்கு முன்னால் ஒரு தடுப்பு மதில் எழுப்பினார். தெருவில் யானைமேல் வரும் பிரபுக்களின் கண்ணில் தூரத்தில் அரியணை பட்டுவிடும், பட்டால் உடனே இறங்கி நடந்தாக வேண்டும், அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சாதாரணமான காரணமே பொருத்தமாகப்படுகிறது. பீரங்கிகள் புழங்கிய காலத்தில் அரண்மனை வாசலை ஒரு நேர்த்தெருவின் நுனியில் திறந்து வைத்திருப்பது ஆபத்து. அப்போது ஆக்ரா கோட்டையில் சிறையிருந்த ஷாஜகான், 'கோட்டையை மணப்பெண்ணாக்கி வைத்தேன், நீ அவள் முகத்தில் முக்காடு போட்டுவிட்டாய்' என்று மகனுக்கு எழுதினார் என்பது இன்னொரு கதை. கதை எப்படியோ, அந்த மதில் அப்படியே இருக்கிறது. செங்கோட்டைக்குள் நுழைகிறவர்கள் நேராகப் போக முடியாமல் ஒரு முறை திரும்பி உள்ளே போவது அதனால்தான்.

இளவரசி போட்ட திட்டம்

தெருவையும் அதன் நடுச்சதுக்கத்தையும் அமைத்தவர் ஷாஜகானின் மூத்த மகள் ஜஹனாரா. தாய் மும்தாஜ் 1631-இல் இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. அந்த வயதிலேயே அந்தப்புரத்தின் தலைமை அவரிடம் வந்தது. அப்பாவுக்குச் செல்ல மகள் என்பதோடு, கையில் சொந்தமாகப் பெரும் பணம் வைத்திருந்தவர். சூரத் துறைமுகத்தின் வருமானம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. புதுத் தலைநகரின் கட்டடங்கள் பலவற்றில் அரச குடும்பத்துப் பெண்களின் பணம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இவருடையது.

அவர் அமைத்தது இன்று நாம் பார்ப்பதுபோல ஒரே நீளத் தெரு அல்ல. சுமார் 1,520 கஜம் நீளம், 40 கஜம் அகலம், இருபுறமும் வளைவு வைத்த 1,560 கடைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடுவில் இரண்டு சதுக்கங்கள் அதை மூன்றாகப் பிரித்தன. கோட்டையை ஒட்டிய பகுதி உருது பஜார், அதாவது அரண்மனைப் படையினருக்கான கடைகள். அது முடியும் இடத்தில் கொத்வாலி, நகரக் காவல் தலைவரின் சாவடி. அதைத் தாண்டி நகைக்கடைகளும் பணம் மாற்றுகிறவர்களும். அப்புறம் எண்கோண வடிவில் பெரிய சதுக்கம், நடுவே குளம். நிலா வெளிச்சம் தண்ணீரில் விழுந்த அந்தச் சதுக்கத்துக்கு மட்டும்தான் முதலில் சாந்தினி சௌக் என்று பெயர். தெரு முழுவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்.

தெருவின் நடுவே கால்வாய் ஓடியது. 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து வெட்டி, பிறகு தூர்ந்துபோன கால்வாய் ஒன்றைச் சீர்செய்து நகரம் வரை நீட்டினார்கள். தண்ணீர் தெருவோடு ஓடி, குளத்தை நிரப்பி, கோட்டைக்குப் போனது. மே, ஜூன் மாதத்து டெல்லி வெயிலில் நின்றவர்களுக்குத்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். இருபுறமும் மர நிழல், நடுவில் ஓடும் நீர். அழகுக்காக மட்டும் செய்ததல்ல அது.

குளத்துக்கு வடக்கே ஜஹனாரா ஒரு சராய் கட்டினார். பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வரும் பணக்கார வியாபாரிகள் தங்கும் இரண்டு மாடி விடுதி அது. பின்னால் பெரிய தோட்டம். தெற்கே குளியல் மண்டபம். அப்போது டெல்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே 1663-இல் எழுதிய கடிதத்தில் இந்தச் சராயை மனதாரப் புகழ்கிறார். இரவில் வாசலைப் பூட்டிவிடுவதால் உள்ளே இருப்பவர்களுக்குப் பயமில்லை, பாரிஸில் இப்படிச் சில விடுதிகள் இருந்தால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திண்டாட மாட்டார்கள் என்பது அவர் கருத்து.

கடைகளைப் பற்றி அவர் அவ்வளவு தாராளமாக இல்லை. நேர்த்தியான துணியையும் பட்டையும் பரப்பி வைத்த ஒரு கடைக்கு, எண்ணெய்க் குடமும் நெய்க் குடமும் அரிசிக் கூடையும் கடலைக் கூடையும் மட்டுமே தெரியும் கடைகள் இருபத்தைந்து இருக்கும் என்கிறார். மிட்டாய்க் கடைகள் நிறைய, ஆனால் எல்லாவற்றிலும் தூசியும் ஈயும் என்று முகம் சுளிக்கிறார். விலையுயர்ந்த சரக்கு கடைமுன்னால் இல்லை, பின்னால் கிடங்கில் இருந்தது. அதையும் அவரே சொல்கிறார். கடைக்குப் பின் கிடங்கு, கிடங்குக்கு மேல் வீடு என்கிற அந்த அமைப்பு இன்றும் இங்கே பல கட்டடங்களில் மாறவில்லை.

அழுக்கு யானையில் ஒரு இளவரசர்

தெரு போட்டுப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஷாஜகான் நோய்வாய்ப்பட்டார், மகன்களுக்குள் வாரிசுச் சண்டை வந்தது. ஜஹனாரா மூத்த தம்பி தாரா ஷிகோவின் பக்கம். வென்றது ஔரங்கசீப். தப்பியோடிய தாராவை, அவர் நம்பி அடைக்கலம் புகுந்த மாலிக் ஜீவன் என்ற ஆப்கானியத் தலைவரே பிடித்துக் கொடுத்தார்.

1659 ஆகஸ்ட் கடைசியில் தாராவை டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். ரகசியமாகக் கொன்றிருக்கலாம். ஔரங்கசீப் அப்படிச் செய்யவில்லை. முத்துமாலையும் பட்டாடையும் அணிந்து அலங்கரித்த யானையில் போன அதே ஆளை, அழுக்கேறிய ஒரு பெண் யானைமேல், முரட்டுத் துணி உடுத்தி, பக்கத்தில் மகன் சிபிர் ஷிகோவை உட்காரவைத்து, இந்தக் கடைவீதி வழியே ஊர்வலம் விட்டார். பெர்னியே நல்ல குதிரை ஒன்றில் ஏறி, கடைவீதியின் நடுவில் இடம் பிடித்து நின்று இதைப் பார்த்திருக்கிறார். கூட்டம் ஓவென்று அழுதது, ஆணும் பெண்ணும் குழந்தையும் தங்களுக்கே ஏதோ நடந்துவிட்டதுபோல் கதறினார்கள், ஆனால் ஒருவர்கூட வாளை உருவவில்லை என்று எழுதுகிறார். அந்தக் கடைசி வரிதான் ஔரங்கசீப்புக்கு வேண்டியிருந்த பதில். ஊர் அழும், எழாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாளே தாராவைக் கொன்றார்கள்.

அக்கா போட்ட தெருவில் தம்பியின் கடைசி ஊர்வலம். அக்கா அப்போது ஆக்ராவில் அப்பாவோடு அடைபட்டிருந்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சி தெருவின் பொருளையே மாற்றியது என்பது என் எண்ணம். கம்பீரத்தைக் காட்டப் போட்ட வழியில் தண்டனையையும் காட்டலாம், இரண்டுக்கும் கூட்டம் சேரும் என்று தெரிந்தது. 1675 நவம்பரில் சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரைக் கொத்வாலிக்கு அருகே பலர் முன்னிலையில் தலை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு முன்னால் அவருடைய தோழர்கள் மூவரையும். 1783-இல் சீக்கியத் தளபதி பகேல் சிங் படையோடு டெல்லிக்கு வந்து, முகலாய அரசரிடம் அனுமதி வாங்கிக் குருத்வாராக்கள் கட்டினார். குருவின் தலை விழுந்த இடத்தில் எழுந்தது சீஸ் கஞ்ச் குருத்வாரா. இன்று தெருவிலேயே மிக அதிகமாக ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் அது ஒன்று.

குருத்வாராவுக்குப் பக்கத்திலேயே சிறியதாக ஒரு மசூதி, பொன்முலாம் பூசிய குவிமாடங்களால் சுனேரி மசூதி என்று பெயர் பெற்றது. ரோஷன் உத் தௌலா என்ற பிரபு 1721-இல் கட்டியது. 1739 மார்ச் 22 காலையில் பாரசீக மன்னன் நாதிர் ஷா அங்கே வந்து உட்கார்ந்தார். கர்னால் போரில் முகலாயரைத் தோற்கடித்து டெல்லிக்குள் வந்திருந்தார். அவர் செத்துவிட்டார் என்று முந்தின நாள் கிளம்பிய வதந்தியை நம்பி ஊர்க்காரர்கள் அவருடைய வீரர்களைத் தாக்கியிருந்தார்கள். நாதிர் ஷா வாளை உறையிலிருந்து எடுத்தார். அது உறைக்குத் திரும்பும்வரை வெட்டு நிற்காது என்பது உத்தரவு. காலையில் தொடங்கியது, பிற்பகலில் முகலாய மன்னர் முகமது ஷா கெஞ்சிக் கேட்ட பிறகே நின்றது. இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடைப்பட்டவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மயிலாசனமும் கோஹினூரும் அவரோடு போயின. அதற்குப் பிறகு முகலாய அரசு பேருக்கு இருந்ததே தவிர, பழைய நிலைக்கு எழவே இல்லை. கால்வாயும் கவனிப்பாரற்று வறண்டது.

1857-க்குப் பிறகு நடந்த அறுவை

கிழக்கிந்தியக் கம்பெனி 1803-இல் டெல்லிக்கு வந்தது. கால்வாயைச் செப்பனிட்டு 1820-இல் மறுபடி தண்ணீர் விட்டார்கள். தெருவில் புதுப் பணம் தெரியத் தொடங்கியது. நாட்டியப் பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, கூலிப்படைத் தலைவியாகி, சர்தானா சமஸ்தானத்தை ஆண்ட பேகம் சம்ரூ, ஐரோப்பியத் தூண்கள் வைத்த பெரிய மாளிகையை இங்கே கட்டினார். அவர் இறந்த பிறகு அது டெல்லி வங்கியானது. இன்று அதே கட்டடம் பகீரத் பேலஸ். நாட்டின் பெரிய மின்சாமான் மொத்தச் சந்தைகளில் ஒன்று. கிரேக்க பாணித் தூண்களுக்கு நடுவே ஒயர்ச் சுருளும் சீரியல் பல்பும் தொங்குவதைப் பார்த்தால் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாது.

சிப்பாய்க் கிளர்ச்சியில் கைவிட்டுப்போன டெல்லியை 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பப் பிடித்தார்கள். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் சரணடைந்த பிறகு ஹாட்ஸன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றார். உடல்களைக் கொத்வாலி முன்னால் போட்டு ஊருக்குக் காட்டினார்கள். எதிரிலேயே தூக்குமரங்கள். ஆண்டது முகலாயரோ பாரசீகரோ ஆங்கிலேயரோ, இடம் மட்டும் மாறவில்லை.

அதோடு விடவில்லை. ஊர் மக்களை வெளியேற்றினார்கள். கோட்டையிலிருந்து சுட்டால் குண்டுக்குத் தடையாக எதுவும் இருக்கக்கூடாது என்று சுவரைச் சுற்றிப் பல நூறு கஜ தூரத்துக்கு எல்லாவற்றையும் இடித்தார்கள். தெருவின் கிழக்குப் பகுதியான உருது பஜாரின் பெரும்பாகம் அதில் போயிற்று. இன்று கோட்டைக்கும் சாந்தினி சௌக்குக்கும் நடுவே பெரிய வெட்டவெளியும் அகலச் சாலையும் இருக்கின்றனவே, அந்த இடைவெளி 1857-இல் விழுந்த காயம். ஷாஜகான் இழுத்த கோடு அங்கேதான் அறுந்தது.

ஜஹனாராவின் சராயை இடித்துவிட்டு அங்கே டவுன் ஹால் எழுப்பினார்கள். 1860-களில் முடிந்தது. பின்னாலிருந்த தோட்டம் விக்டோரியா ராணியின் பெயருக்கு மாறியது. தோட்டத்துக்கு அப்பால் ரயில் நிலையம் வந்து ஊரையே இரண்டாக வெட்டியது. நிலா விழுந்த குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு முளைத்தது. கால்வாயை மூடி மேலே நடைபாதையாக்கினார்கள். 1908-இல் டிராம் ஓடத் தொடங்கியது, 1963 வரை ஓடியது.

பல்லிமாரான் சந்தில், இந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கவிஞர் மிர்சா காலிப் குடியிருந்தார். டெல்லி எப்படி இருக்கிறது என்று விசாரித்த நண்பருக்கு அவர் எழுதிய பதில் புகழ்பெற்றது. டெல்லியின் உயிர் ஐந்து விஷயங்களில் இருந்தது என்கிறார்: கோட்டை, சாந்தினி சௌக், ஜாமா மசூதியருகே தினமும் கூடும் கூட்டம், வாரந்தோறும் யமுனைப் பாலத்துக்குப் போய்வருவது, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பூ விழா. ஐந்தும் போன பின் டெல்லி எங்கே இருக்கிறது என்பது அவர் கேள்வி.

காலிப் கண்ட சாந்தினி சௌக் போனது உண்மை. ஆனால் தெருவில் வேறொரு கூட்டம் தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேயருக்கு உதவிய இந்து, ஜைன வியாபாரக் குடும்பங்கள் பறிமுதல் சொத்துகளை ஏலத்தில் வாங்கின. ஃபதேபுரி மசூதியே ஏலத்துக்கு வந்தது. லாலா சுன்னாமல் என்ற ஜவுளி வியாபாரி 19,000 ரூபாய்க்கு அதை எடுத்தார். கையில் கிடைத்த மசூதியை அவர் இடிக்கவில்லை. 1877-இல் அரசு மாற்றாகக் கிராமங்கள் கொடுத்து மசூதியைத் திரும்பப் பெற்று முஸ்லிம்களிடம் ஒப்படைத்தது. அவருடைய மாளிகையான சுன்னாமல் ஹவேலி இன்றும் தெருவின் மீது நீளமான மர பால்கனியோடு நிற்கிறது. கீழே கடைகள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் காலத்தில்தான் தெருவின் உண்மையான சொந்தக்காரர்கள் பிரபுக்களிலிருந்து வியாபாரிகளுக்கு மாறினார்கள்.

கடைசி ஊர்வலங்கள்

வெள்ளைக்காரர்கள் முகலாயரை ஒழித்துக்கட்டினார்களே தவிர, அவர்களுடைய மேடையை விட மனமில்லை. 1877-இல் நடந்த தர்பார் என்ற அரச விழாவுக்கு வைஸ்ராய் லிட்டன், 1903 தர்பாருக்கு வைஸ்ராய் கர்சன், இருவரும் யானைமேல் ஏறி பழைய டெல்லிக்குள் ஊர்வலம் வந்தார்கள். கர்சனுக்கு இந்த மாதிரி ஜோடனைகளில் தனி ஆசை.

1911 டிசம்பரில் அரசர் ஐந்தாம் ஜார்ஜே வந்தார். அவர் செய்த ஒரே தவறு, யானையை வேண்டாமென்று குதிரையில் வந்தது. கிரீடமும் இல்லை, ராணுவ உடையும் தலைக்கவசமும்தான். அதே மாதிரி உடுத்திய அதிகாரிகள் சுற்றிலும் வேறு. தெருவோரம் மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் பலருக்கு அரசர் யாரென்றே தெரியவில்லை. அவர் தங்களைக் கடந்து போன பிறகும் 'அரசர் எப்போ வருவார்' என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தெருவின் இலக்கணம் தெரிந்திருந்தால் அவர் யானையில் ஏறியிருப்பார். சில நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று அறிவித்தார்.

அடுத்த ஆண்டு, 1912 டிசம்பர் 23. புதிய தலைநகருக்குள் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் முறைப்படி நுழையும் நாள். இந்த முறை யானைதான், மேலே வெள்ளி அம்பாரி, மனைவி பக்கத்தில், பின்னால் குடை பிடிப்பவர். ரயில் நிலையத்திலிருந்து வந்து சாந்தினி சௌக்கில் திரும்பிக் கோட்டையை நோக்கிப் போகும்போது குண்டு விழுந்தது. குடை பிடித்தவர் அங்கேயே இறந்தார். ஹார்டிஞ்சுக்கு முதுகிலும் தோளிலும் பலத்த காயம். மனைவி தப்பினார். ஊர்வலம் நிற்கவில்லை. வைஸ்ராய் இல்லாமலேயே கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது, அவருடைய உரையை வேறொருவர் படித்தார். திட்டம் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸுடையது. அவர் சிக்காமல் 1915-இல் ஜப்பானுக்குப் போய்விட்டார். அதே 1915-இல் பசந்த குமார் பிஸ்வாஸ், அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த் ஆகிய நால்வரும் தூக்கில் போடப்பட்டார்கள்.

குண்டு வீசியவர்கள் வைஸ்ராயைக் கொல்ல நினைத்தால் வேறு எத்தனையோ இடம் இருந்தது. இந்தத் தெருவையும் இந்த நாளையும் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. 'நான்தான்' என்று அரசு சொல்லும் அதே இடத்தில், அதே கூட்டத்தின் முன்னால், 'இல்லை' என்று சொல்ல வேண்டும். தாராவுக்காக அழுத கூட்டத்தில் 1659-இல் ஒருவரும் செய்யாத காரியம் அது.

இந்தக் குண்டுக்குப் பயந்துதான் புதுடெல்லி கட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த முடிவு முந்தின ஆண்டே எடுத்தாகிவிட்டது. ஆனால் கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸும் பேக்கரும் போட்ட நகரத்தின் பெரிய ஊர்வலப் பாதையைப் பாருங்கள். அப்போது கிங்ஸ்வே, பிறகு ராஜபாதை, 2022 முதல் கர்தவ்ய பாதை. ஒரு முனையில் அதிகாரம் இருக்கும் மாளிகை, அதிலிருந்து நேர்க்கோடு, இருபுறமும் நீர்த் தடமும் மரமும். ஷாஜகானின் திட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்றைத் தவிர. இங்கே தெருவோடு ஒட்டி வீடும் இல்லை, கடையும் இல்லை. எட்டிப் பார்க்க மாடி ஜன்னல் கிடையாது, குண்டு போடவும் கிடையாது. ஊருக்கு நடுவே நடந்து காட்டிய அரசு, ஊரை வரவழைத்து ஒதுங்கி நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லும் அரசானது. 1931-இல் புதுடெல்லி திறக்கப்பட்டபோது சாந்தினி சௌக்கின் பழைய வேலை போய்விட்டது.

அந்த இடைவெளியில் தெருவை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1919 மார்ச் 30, ரௌலட் சட்டத்துக்கு எதிரான கடையடைப்பு. ரயில் நிலையத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு சுவாமி சிரத்தானந்தர் தலைமையில் கூட்டம் மணிக்கூண்டுக்கு வந்தது. கூர்க்கா வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டினார்கள். அவர் முன்னால் போய் மார்பைக் காட்டி நின்றார். சில நாளில் ஜாமா மசூதியில் முஸ்லிம்கள் அவரைப் பேச அழைத்தார்கள். டவுன் ஹால் முன்னால் விக்டோரியா ராணியின் சிலை இருந்த இடத்தில் இன்று நிற்பது அவருடைய சிலை. பக்கத்திலிருந்த மணிக்கூண்டு மட்டும் இல்லை. 1950-ஐ ஒட்டி அதன் ஒரு பகுதி இடிந்து ஆட்கள் இறந்தார்கள், அப்புறம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த இடத்துக்கு கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, என்ற பெயர் போகவில்லை.

மிஞ்சியது வியாபாரம்

1947 பிரிவினையில் தெருவைச் சுற்றியிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல போயின. மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் கிடைத்த இடத்தில் கடை போட்டார்கள். பெரிய ஹவேலிகளின் முற்றங்கள் கட்ரா என்ற கிடங்குச் சந்தைகளாகின. ஜவுளி ஒரு கட்ராவில், அடுத்த சந்தில் நகை, அதற்கடுத்ததில் புத்தகமும் காகிதமும், கோடியில் காரி பாவ்லியில் மிளகாயும் மசாலாவும். வீடு குறைந்து கிடங்கு பெருகியது. ஓர் இடத்தில் மொத்த வியாபாரம் இறுகிவிட்டால் அதை நகர்த்துவது லேசல்ல. வாங்குகிறவன், விற்கிறவன், கடன் கொடுக்கிறவன், சுமை தூக்குகிறவன் எல்லோரும் நூறடிக்குள் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வேறு இடத்துக்குப் போனால் அவருக்குத்தான் நஷ்டம். 1962-இல் வந்த டெல்லியின் முதல் மாஸ்டர் பிளானே ஆபத்தான தொழில்களையும் மொத்த வியாபாரத்தையும் பழைய ஊரிலிருந்து வெளியேற்றச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த திட்டங்களும் சொல்லின.

தரைக்குமேல் இடமில்லாததால் 2005-இல் மெட்ரோ பூமிக்கடியில் வந்தது. தெருவின் நெரிசலுக்குக் காரணம் சைக்கிள் ரிக்‌ஷாதான் என்று 2006-இல் அவற்றைத் தடை செய்தார்கள். வழக்கு நடந்து ரிக்‌ஷாக்கள் திரும்பின. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபுரி வரை சிவப்புக் கல் பதித்து, தொங்கிய ஒயர்களைக் குறைத்து, காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டு, 2021 செப்டம்பரில் திறந்தார்கள். இப்போது பகலில் அனுமதி ரிக்‌ஷாவுக்குத்தான். காருக்கு இல்லை.

நடக்க வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி என்பதில் சந்தேகமில்லை. அரசர் ஊர்வலத்துக்காகப் போட்ட தெருவில் சாதாரண ஆள் நடுவில் நடக்கலாம் என்று விதி வர 370 வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் வியாபாரிகளின் புகாரும் நியாயமானது. சரக்கு வண்டியும் அதே தடைக்குள் வருகிறது. பகலில் மூட்டை தோளிலும் தள்ளுவண்டியிலும்தான் போக வேண்டும், லாரி இரவு 9 மணிக்கு மேல்தான் உள்ளே வரலாம். கோட்டையின் முகப்பில் ஆகஸ்ட் 15 தோறும் பிரதமர் கொடியேற்றும்போது அவர் பார்வை விழும் திசையில் இருப்பது இந்தத் தெருதான். ஆனால் அவருடைய வாகன வரிசை இதன் வழியாக வருவதில்லை, கோட்டைக்கு முன்னால் குறுக்கே போகும் சாலையில் வந்து திரும்பிவிடுகிறது. அன்று பாதுகாப்புக்காகச் சுற்றுவட்டாரக் கடைகள் அடைப்பு. மறுநாள் காலையில் கட்ராக்கள் திறந்துவிடும்.